கிட்னி போய்விடும் என்ற பயம்

வயதான பூனைக்கு மூட்டுத் தேய்மானம் என்று கால்நடை மருத்துவர் மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்தால், தடுப்பதற்கென்றே யாராவது வந்துவிடுவார்கள். "தினமும் வலிமருந்து கொடுத்தா கிட்னி போயிடும். அது பாட்டுக்குத் தூங்குது, விடுங்க." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பாதிதான் சரி.

முதலில் அந்தத் தூக்கம். நொண்டவில்லை, கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்ற கணக்கு பூனையிடம் செல்லாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மூட்டு கெடுவதால் நொண்டல் வெளியே தெரிவதில்லை. ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் போன பூனை இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், தயங்கும், நாற்காலி வழியாகத் தொற்றி ஏறும். திரும்பி நக்க முடியாததால் இடுப்புப் பக்கம் முடி சடை பிடிக்கும். மண் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுத் திட்டும் வாங்கும். அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த ஆய்வில், 12 வயது தாண்டிய 100 பூனைகளில் 90க்கு எக்ஸ்ரேயில் மூட்டுச் சிதைவு தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலி ஆகாதுதான். அதற்காக எல்லாவற்றையும் வயசு மேல் போட்டுவிட முடியுமா?

அடுத்து, அமெரிக்க எச்சரிக்கை. பூனைக்குத் திரும்பத் திரும்ப மெலாக்சிகாம் கொடுத்ததில் சிறுநீரகம் செயலிழந்து மரணம் நேர்ந்திருப்பதாக 2010இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளிலேயே போடவைத்தது. உண்மை. ஆனால் அங்கே அனுமதி பெற்றது அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு முறை போடும் ஊசி, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2007 முதல் நீண்டகாலத்துக்கு அனுமதித்திருக்கும் வாய்வழி மருந்தின் தினசரி அளவு 0.05, அதாவது ஆறில் ஒரு பங்கு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை.

ஏற்கெனவே கிட்னி கோளாறு இருந்தால்? 2011இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இன்னும் குறைந்த அளவில், 0.02 போல, மருந்து எடுத்த பூனைகளுக்கு நோய் வேகம் பிடிக்கவில்லை. பின்னர் நடந்த வேறொரு ஆய்வில் சிறுநீரில் புரதம் கூடியது. ஆகவே ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு மனமில்லாதவர் மருந்தைத் தொடாமலிருப்பதே மேல்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில். சாப்பிடாத, வாந்தி எடுக்கிற, உடலில் நீர் வற்றிய பூனைக்குக் கொடுப்பது. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பது. மில்லிக்கு 0.5 உள்ள பூனை மருந்துக்குப் பதில், மூன்று மடங்கு வீரியமான நாய் பாட்டிலை எடுத்துவிடுவது.

இன்னொரு வேடிக்கை. மெலாக்சிகாமுக்குப் பயப்படும் அதே வீட்டில் பாராசிட்டமால் அரை மாத்திரை 'சாதாரணம்'. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தச் சிவப்பணு கெட்டு, ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, உயிரே போய்விடும்.

ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்பதும் தவறு. சில வாரம் கொடுத்தும் நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டு நிறுத்தலாம். பலன் தெரிந்தால், வலி அடங்கும் அளவுக்கு மெல்லக் குறைக்கலாம். இந்த வகை மருந்தே வேண்டாம் என்பவருக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் ஃப்ருனிவெட்மாப் என்ற மாத ஊசிக்கு ஐரோப்பா 2021இலும் அமெரிக்கா 2022இலும் அனுமதி தந்திருக்கின்றன.