பட்டியலில் இல்லாத பெயர்கள்

1976-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அடியாமார், ஜீதா, கமியா, பலேரு, சாக்ரி என்று சுமார் முப்பது பெயர்கள். அந்த வரிசையில் படியாள், பண்ணையாள், வெட்டி என்ற மூன்று பெயர்களும் உண்டு. எதையும் ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டது டெல்லி.

அதற்குக் காரணம் இருந்தது. கொத்தடிமைக்குப் பத்திரம் கிடையாது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் மாடு மேய்த்தால் அதற்கு எந்தப் பதிவு அலுவலகத்திலும் சாட்சி இல்லை. ஆகவே, இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லி ஒருவரிடம் வேலை வாங்கப்பட்டால் அங்கே கடன் ஒப்பந்தம் இருப்பதாகவே கொள்ளலாம் என்றது சட்டம். 15-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இது கொத்தடிமைக் கடன் என்று உழைப்பவர் சொன்னால் போதும். இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இல்லாதவன் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு எடை கொடுத்த சட்டங்கள் நம் நாட்டில் குறைவு.

அந்த மூன்று சொற்களையும் கொங்குப் பகுதி நன்றாக அறியும். படியாளுக்குக் கூலி தானியமாக, படியால் அளந்து கொடுக்கப்பட்டது. பண்ணையாள் வருசக் கணக்குக்குப் பேசப்பட்டவர். இங்கே பெரும்பாலும் அருந்ததியர். வெட்டி இவை இரண்டையும்விடப் பழையது. கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய உழைப்புக் கடமைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் அதுதான் பெயர். இன்று நாம் பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோம். பயனில்லை என்பது செய்தவன் கணக்கு. செய்வித்தவனுக்கு அந்த வேலையில்தான் ஏரி நிறைந்தது, வயல் விளைந்தது.

சட்டம் ஒரு பெயரைத் தொட்டதும் உறவு வேறு பெயருக்குக் குடிபோய்விடும். இதற்கு நம்மிடம் நீண்ட வரலாறு இருக்கிறது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டம் போட்டது. பண்ணையாள் முறை அசையவில்லை. 1859-ல் வந்த வேலை ஒப்பந்த மீறல் சட்டமோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைத் தண்டித்தது. அந்தச் சட்டம் 1925 வரை உயிரோடு இருந்தது. முன்பணம் கொடுத்தவன் பக்கம் சட்டம் நின்ற காலம் அது. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அதே வயலுக்கு அன்றாடக் கூலிகளை வைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்குத் தெரிந்த பெயரில் ஆளே இல்லாமல் போயிற்று.

நம் வட்டாரத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. இப்போது பல்லடத்திலோ அவிநாசியிலோ படியாள் யார் என்று விசாரித்துக்கொண்டு போகும் அதிகாரிக்கு ஒருவரும் அகப்படமாட்டார். விசைத்தறிக் கூடத்தில் அந்த உறவுக்குப் பெயர் பாக்கி. குமாரபாளையம் தறிக்காரர்கள் நடுவே இச்சொல்லின் நடமாட்டத்தை ஆய்வாளர் கீர்ட் டி நெவ் 1990-களிலேயே எழுதினார். தறி ஓட்ட வருபவர் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு தொகை வாங்குகிறார். வேறு கூடத்துக்குப் போக வேண்டுமானால் பாக்கியைக் கட்டவேண்டும். அல்லது புது முதலாளி அதைக் கட்டி அவரை எடுத்துக்கொள்ளவேண்டும். ஆள் மாறுகிறார், பாக்கி கூடவே வருகிறது.

நூற்பாலைகளில் வந்த பெயர் இன்னும் மங்கலமானது. சுமங்கலித் திட்டம், திருமணத் திட்டம் என்ற பெயர்களில் தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். மூன்று வருசம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கைக்கு வரும், தாலிக்குத் தங்கம் வாங்கலாம் என்று பேச்சு. அந்தத் தொகை நிர்வாகம் தரும் சீர் அல்ல, பிடித்து வைத்த கூலி. இரண்டரை வருசத்தில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்ணுக்கு அதைக் கேட்க வழியில்லை. விடுதிக் கதவுக்கு வெளியே போக வார்டன் அனுமதி வேண்டும். 2011-லும் 2014-லும் நெதர்லாந்திலிருந்து வந்த இரண்டு அறிக்கைகள் இந்த ஆலை நூலுக்கும் ஐரோப்பியக் கடைகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்களுக்கு ஆலைப் பதிவேட்டில் இன்னொரு பெயர் இருந்தது: அப்ரண்டிஸ். 1961-ன் பயிலுநர் சட்டப்படி பயிலுநர் வேலை கற்பவர், தொழிலாளி அல்லர். ஆறு மாதத்தில் கைவந்துவிடும் வேலையை மூன்று வருசம் கற்றுக்கொண்டே இருப்பதாகக் காகிதம் சொன்னது. பயிலுநருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று 2008-ல் தமிழக அரசு அறிவித்தபோது ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொல் எத்தனை ரூபாய் பெறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு முதலாளிகள் தரப்பு பதில் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. "அட்வான்ஸ் நாங்களா திணிக்கிறோம்? அவங்களே கேட்டு வாங்கறாங்க. குடுக்கலீன்னா ஆளே வர்றதில்லை" என்கிறார்கள். உண்மைதான். பனியன் கம்பெனி டெய்லர் தீபாவளிக்கு முன்பணம் வாங்குகிறார்; சனிக்கிழமைச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார்கள்; ரேட் பிடிக்காவிட்டால் அடுத்த தெருக் கம்பெனியில் மெசினில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைக் கொத்தடிமை என்று யாரும் சொல்லவில்லை. முன்பணமே குற்றமென்றால் திருப்பூரில் பாதிப்பேர் உள்ளே போகவேண்டியதுதான்.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அது கேட்பது வேறு. வாங்கிய கடனுக்காக ஒருவர் குறிப்பிட்ட காலம் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழக்கிறாரா? வெளியே நடமாடும் உரிமையை இழக்கிறாரா? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்கிறாரா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலே அது கொத்தடிமைத்தனம். பூட்டும் சங்கிலியும் தேவையில்லை. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23-ஆம் கூறு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளருக்காக பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் தெளிவாகச் சொன்னார்: கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ளவேண்டும், இல்லையென்று காட்டுவது முதலாளியின் பாடு. அந்தத் தீர்ப்போடு பட்டியல் எந்தப் பெயருக்கும் திறந்துவிட்டது.

திறந்ததை மூடி வைத்திருப்பது நிர்வாகம். சட்டத்தின் 13-ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றும் கோட்டத்துக்கு ஒன்றுமாகக் கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கிறது. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது அந்தக் கடமையும் கூடவே வந்தது. ஆனால் அதிகாரியின் மனதில் கொத்தடிமை என்றால் செங்கல் சூளையும் கிழிந்த வேட்டியும்தான். யூனிபார்ம் போட்டு மில் பஸ்ஸில் போகும் பெண்ணை அந்தச் சொல்லுக்குள் பார்க்க அவரால் முடிவதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கும் இளைஞரின் ஆதார் அட்டை ஏஜென்ட் கையில் இருந்தால், பட்டியலில் உள்ள அந்த மாநிலத்துக் கமியாவின் பேரன் அவர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் சட்டத்தில் உள்ள அபராதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. மூன்றாண்டுச் சிறைதான் மிரட்டல்; அது எழுத்தில் இருக்கிறது.

உழைப்பவர்கள் தாங்களாகவே ஒரு சொல்லைக் கூலிக் கணக்கில் ஏற்றிய கதையும் திருப்பூருக்கு உண்டு. 1984-ல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. படியாளின் படி முதலாளி அளந்து போட்டது. களத்தில் அவர் கை சாய்ந்தால் குறையும். பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியோடு கட்டப்பட்டது. யாருடைய மனசையும் பார்த்து ஏறி இறங்காது. தானம் கணக்காக மாறிய இடம் அது. நாடாளுமன்றம் அதைத் தானாகத் தரவில்லை, தெருவில் நின்று வாங்கினார்கள்.

29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மடித்திருக்கும் இந்நாளில் புதிய வரையறைகள் நிறைய வருகின்றன. குறித்த காலப் பணியாளர் என்பது அதில் ஒன்று. இது நாளை எந்த விடுதிப் பதிவேட்டில் போய் உட்காரும் என்று இப்போதே கேட்டு வைப்போம். அதோடு மூன்று காரியங்களை இந்த இதழ் வலியுறுத்துகிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழு தறிக்கூடங்களிலும் மில் விடுதிகளிலும் இன்று புழங்கும் பெயர்களை எழுதித் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாக்கியும் முடிவுத்தொகையும் கண்ட இடத்தில் 15-ஆம் பிரிவின்படி முதலாளியை விளக்கம் கேட்கவேண்டும். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழுக்காக மனுக்கொடுக்கும் தொழிலாளியிடம் கடன் பத்திரம் எங்கே என்று கேட்பதை நிறுத்தவேண்டும். பத்திரம் இருக்காது என்று தெரிந்துதானே 1976-ல் அந்தப் பட்டியலையே எழுதினார்கள்.