அரை வேலையும் முழுத் துருவும்

அரைக் கிணறு தாண்டலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் பொருளை நமக்கு உணர்த்தியது நூல் அன்று; மாத்தளையிலே நம் வீட்டுக் கொட்டிலில் நின்ற ஒரு பழைய கார்.

நம் தந்தையார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் அது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வகைக் கார், பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் தொகையை முதலில் எட்டியது. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, இலங்கை மக்கள் இத்தகைய கார்களைப் பிள்ளைபோற் பேணினர். “மாசிமகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்கு இதிலேதான் போகவேண்டும்” என்று நம் அன்னையார் ஆசைப்பட்டார். அவ்வாசையை நிறைவேற்ற, சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். அது வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதை ஆர்வம் மறைத்துவிட்டது.

நான்கு நாளிற் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். தகடு வெள்ளிபோற் பளபளத்தது. மறுநாள் நம்மைக் காய்ச்சல் பிடித்தது. காரைப் பொலித்தீனால் இறுக மூடிவிட்டுப் படுத்தோம். பத்து நாள் கழித்து விலக்கிப் பார்த்தபோது, உடலெங்கும் செம்மஞ்சட் கறள் படர்ந்திருந்தது. கதவில் நம் ஐந்து விரல்களும் துருவிலே பதிந்திருந்தன!

அயலிலிருந்த தகர வேலை பாஸ் வந்து பார்த்துச் சிரித்தார். “மாஸ்டர், உரிச்ச கோழியை முற்றத்துல போட்டுட்டுத் தூங்கப் போவீங்களா?” என்றார்.

அறுபது ஆண்டு நிலைத்த தகடு பத்து நாளிற் கெட்டது ஏன்? மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். இரும்பு மண்ணிலே ஒட்சிசனோடு சேர்ந்த தாதுவாகவே கிடக்கிறது. நம் மாவட்டத்திலேயே, சீகிரியாவுக்கு அண்மையில், இரும்பு உருக்கிய பழங்கால உலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. நெருப்பினால் ஒட்சிசனைப் பிரித்தே அக்கால மக்களும் இரும்பைப் பெற்றனர். ஈரமும் காற்றும் கிட்டினால் இரும்பு பழைய நிலைக்கே திரும்புகிறது, அதுவே துரு. வியர்வையின் உப்பு அதனை விரைவுபடுத்தும். அலுமினியத்தின் மேற்படலம் தன் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ நொய்ந்து உதிர்ந்து, மேலும் ஈரத்துக்கு வழிவிடும். பொலித்தீன் மழையைத் தடுத்தது. ஆனால் உள்ளே வியர்த்த நீரை வெளியே விடவில்லை.

மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை; உடலே வண்டியைத் தாங்குகிறது. ஆதலால் கதவுக்குக் கீழுள்ள உடற்பகுதியும் பின் வில்லுகள் பொருந்தும் இடமும் துருவினால் இற்றுப்போயின், அழகு மட்டுமன்று, ஏறிச் செல்வோர் உயிரும் கேடுறும்.

பாஸ் கற்பித்த முறை எளியது. ஒரு நாளிற் பூசி முடிக்கக்கூடிய அளவையே அந்நாளில் உரிக்க வேண்டும். துருவைத் தேய்த்து நீக்கியபின், குழிகளில் எஞ்சியதைப் பொஸ்போரிக் அமிலத்தால் மாற்றலாம். அமிலம் சிறிதும் எஞ்சாமற் கழுவி, உடனே நன்றாக உலர்த்த வேண்டும். பின்பு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வெறுங்கை படாமல், அன்றே இருகலவை எபொக்சி அடிப்பூச்சைப் பூசவேண்டும். சாதாரணப் பிரைமரும் பட்டியும் ஈரத்தை உறிஞ்சுவன. அவற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கிற் காரை நிறுத்தலாகாது. வர்ணவேலை முடிந்தபின், பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் மெழுகைப் பீச்சி, கதவடியிலுள்ள நீர்வடி துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். காத்திருக்கும் காருக்குக் காற்றோட்டமும் பருத்தித் துணியும் போதும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்: பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனைச் சுரண்டும் இடத்திற் குழந்தைகளை விடாதீர்கள். சுரண்டுவோர் தகுந்த முகமூடி அணிக.

அவ்வாண்டுத் தேருக்கு அன்னையார் பஸ்ஸிலேயே சென்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனை. மழை குறைந்த ஓகஸ்ட் விடுமுறையில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஒரு கதவு, ஒரு நாள். மறு மாசிமகத்தன்று முன் ஆசனத்தில் அமர்ந்த அன்னையார், கதவைத் தடவிப் பார்த்து, “உன் அப்பாவும் இப்படித்தான், ஒன்றை முடித்துத்தான் அடுத்ததைத் தொடுவார்” என்றார்.

வகுப்பிலே பிறர்க்கு நாம் சொல்லிவந்த பாடந்தான் அது.