கூட்டிக் கொடுக்கப்பட்ட 15 ஆண்டுகள்



இஸ்ராயேல் மக்களை ஆண்ட மன்னர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மூவர்: கீழ்ப்படியாமையால் அரசை இழந்த சவுல், பாவத்தில் விழுந்தும் மனம் வருந்தி எழுந்த தாவீது, ஞானத்தில் தொடங்கிச் சிலைவழிபாட்டில் சறுக்கிய சாலமோன். இம்மாதம் நாம் அதிகம் நினைத்துப் பாராத வேறொரு மன்னரின் வரலாற்றைத் தியானிப்போம். அவர் பெயர் எசேக்கியா. அவர் வரலாற்றை அரசர் இரண்டாம் நூல் 18-ஆம் அதிகாரம் முதல் 20-ஆம் அதிகாரம் வரை காணலாம். குடும்பத் தலைவர்களாய் இருப்போர் விவிலியத்தைத் திறந்து அதனை ஒருமுறை முழுமையாக வாசிக்கும்படி முதற்கண் வேண்டிக்கொள்கிறேன்.

சாலமோன் இறந்தபின், ஏறத்தாழ கி.மு. 930-இல், அரசு இரண்டாகப் பிளவுபட்டது. வடக்கே இஸ்ராயேல், தெற்கே யூதா. யூதாவை ஆண்ட ஆகாசு என்பவன் ஆண்டவரை மறந்தவன். தன் சொந்த மகனையே நெருப்பில் பலியிட்டவன். அத்தகைய தந்தைக்குப் பிறந்த எசேக்கியா, தம் 25-ஆம் வயதில் அரியணை ஏறினார். தந்தை செய்த தீமை எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. தகப்பன் குடிகாரன், ஆகையால் மகனும் அப்படித்தான் இருப்பான் என்று தீர்ப்பிடுகிறோமே, அவ்வாறு சொல்வோருக்கு எசேக்கியாவின் வாழ்வு நல்ல மறுமொழியாகும்.

தந்தையின் காலத்தில் மூடப்பட்டிருந்த ஆலயக் கதவுகளைத் தம் ஆட்சியின் முதல் ஆண்டு, முதல் மாதத்திலேயே அவர் திறந்தார். குருக்களையும் லேவியரையும் அழைத்து ஆலயத்தைத் தூய்மைப்படுத்தினார். நின்றுபோயிருந்த பாஸ்கா விழாவைக் கொண்டாடும்படி, வடநாட்டு மக்களுக்கும் தூதர் வழியாக அழைப்பு விடுத்தார். பலர் அத்தூதரை எள்ளி நகையாடினர். ஆயினும் சிலர் தாழ்ச்சியோடு எருசலேமுக்கு வந்தனர்.

பாலைநிலத்தில் மோயீசன் செய்த வெண்கலப் பாம்பு அந்நாள்வரை பாதுகாக்கப்பட்டு வந்தது. மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். இறைவனின் கட்டளையால் உண்டான பொருளேயாயினும், அது இறைவனின் இடத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட எசேக்கியா அதனை உடைத்துத் தகர்த்தார். அதற்கு எத்துணை மனத்துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனி, அவர் செபத்தின் ஆற்றலைக் காண்போம். அசீரியப் பேரரசின் கையில் வடநாட்டுத் தலைநகராகிய சமாரியா கி.மு. 722 வாக்கில் வீழ்ந்தது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் செனகெரிபு யூதாவின்மீதும் படையெடுத்து வந்தான். எசேக்கியா முதலில் அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுத்துப் பார்த்தார். ஆலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னையும் பெயர்த்துக் கொடுத்தார். பகைவனின் பேராசை அடங்கவில்லை. பின்னர் அவனிடமிருந்து அச்சுறுத்தும் மடல் ஒன்று வந்தது. மன்னர் அதை எடுத்துக்கொண்டு நேரே ஆலயத்திற்குச் சென்றார், ஆண்டவர் திருமுன் அதை விரித்து வைத்தார், மன்றாடினார். எருசலேம் காப்பாற்றப்பட்டது.

இதைப் பகைவனின் ஏடும் மறைமுகமாய் ஒப்புக்கொள்கிறது. நினிவே நகர் இருந்த இடத்தில் 1830-இல் கிடைத்த, செனகெரிபின் களிமண் சாசனம் ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவின் அரண்சூழ்ந்த 46 நகர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல் எருசலேமுக்குள் அடைத்து வைத்ததாகவும் அவன் அதில் பெருமை பேசுகிறான். ஆனால் எருசலேமைப் பிடித்ததாக அதில் ஓர் எழுத்தும் இல்லை.

செபித்த அம்மன்னர் கைகட்டி வாளாவிருக்கவும் இல்லை. முற்றுகைக் காலத்தில் நகருக்கு நீர் வேண்டுமே என்று முன்னறிந்து, கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவர ஏற்பாடு செய்தார். பாறையைக் குடைந்து அமைத்த அச்சுரங்கம் ஏறக்குறைய 533 மீட்டர் நீளமுடையது. தொழிலாளர் இரு குழுக்களாகப் பிரிந்து, இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்து நடுவில் சந்தித்தனர். அந்நிகழ்ச்சியைக் கூறும் கல்வெட்டு 1880-இல் கண்டுபிடிக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நீர் சென்று சேரும் சீலோவாம் குளத்திற்குத்தான், பிறவிக் குருடனைக் கண் கழுவி வரும்படி நம் ஆண்டவர் இயேசு அனுப்பினார்.

அன்பர்களே, இதுவரை கண்ட எசேக்கியா, எப்பங்கிலும் பாராட்டப்படும் ஒரு நல்ல கிறிஸ்தவருக்கு ஒப்பானவர். கோவில் காரியங்களில் முன்நிற்பவர், செபப் பற்றுள்ளவர், உழைப்பாளி. ஆனால் அவர் வாழ்வின் பிற்பகுதி நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அதுவே இம்மாதச் சிந்தனை.

எசேக்கியா கொடிய நோயில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 39 இருக்கலாம். எசாயா இறைவாக்கினர் அவரிடம் வந்து, அவர் பிழைக்கமாட்டார் என்றும், ஆகவே தம் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் அறிவித்தார். மன்னர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டு கண்ணீர் சிந்தி அழுதார். எசாயா அரண்மனை முற்றத்தைத் தாண்டுமுன்பே இறைவனின் மறுமொழி வந்தது. அவருடைய கண்ணீர் காணப்பட்டது, செபம் கேட்கப்பட்டது, வாழ்நாளோடு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அத்திப்பழ அடையைக் கட்டின்மேல் வைக்க, அவர் நலமடைந்தார்.

அந்த 15 ஆண்டுகளில் நடந்தவை யாவை? பாபிலோன் மன்னன், எசேக்கியா நோயுற்றதைக் கேள்வியுற்று, மடலும் அன்பளிப்பும் கொடுத்துத் தூதரை அனுப்பினான். எசேக்கியா உள்ளம் பூரித்துப்போனார். வெள்ளி, பொன், நறுமணப் பொருள்கள், படைக்கலங்கள் என்று தம் கருவூலத்தில் இருந்த எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்டினார். தம்மை நலமாக்கிய இறைவனை அவர்களுக்குக் காட்டினாரா என்பதற்கு அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

எசாயா மீண்டும் வந்தார். அவர்கள் என்ன கண்டார்கள் என்று வினவினார். எல்லாவற்றையும் கண்டார்கள் என்றார் மன்னர். அப்போது இறைவாக்கினர், அப்பொருள்கள் யாவும் ஒருநாள் பாபிலோனுக்குக் கொண்டு போகப்படும் என்றும், மன்னரின் வழிமரபினரும் அங்கே அரண்மனை ஊழியராய்க் கொண்டு செல்லப்படுவர் என்றும் கூறினார். இதைக் கேட்ட எசேக்கியா, ஆண்டவரின் சொல் நல்லதே என்றார். தம் வாழ்நாளில் அமைதி நிலவினால் போதும் என்பதே அவர் உள்ளத்து எண்ணம் என்று விவிலியம் நமக்குத் தெரிவிக்கிறது.

அவர் சொற்களைத் தாழ்ச்சியின் சொற்களாகக் கொள்வாரும் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பகைவனின் மடல் வந்தபோது ஆலயத்திற்கு ஓடியவர், தம் உயிருக்கு இறுதி வந்தபோது சுவரை நோக்கி அழுதவர், தம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு வரவிருந்த துன்பத்தைக் கேட்டபோது அழுததாகவோ மன்றாடியதாகவோ ஒரு வரியும் அங்கு இல்லை. இறைவன் கண்ணீரைக் கண்டு மனமிரங்குபவர் என்பதைத் தம் உடலிலேயே அனுபவித்து அறிந்தவர் அவர். அந்த அனுபவத்தைத் தம் சந்ததிக்காகப் பயன்படுத்தவில்லையே!

எசேக்கியா இறந்தபின் அவர் மகன் மனாசே அரசனானான். அப்போது அவனுக்கு வயது 12. கணக்கிட்டுப் பாருங்கள். கூட்டிக் கொடுக்கப்பட்ட 15 ஆண்டுகளுக்குள்தான் அவன் பிறந்தான். அப்படியானால் அவன் செபத்தின் பயனாகப் பெற்ற பிள்ளை எனலாம். ஆனால் 55 ஆண்டுகள் அரசாண்ட அவன், தந்தை தகர்த்த மேடைகளை மீண்டும் கட்டினான். ஆலயத்திற்குள்ளேயே சிலையை நிறுத்தினான். தன் மகனை நெருப்பில் பலியிட்டான். எருசலேமில் மாசற்றோரின் இரத்தம் பெருகச் செய்தான். பாட்டனாரான ஆகாசின் பாவங்கள் பேரனிடம் திரும்பி வந்தன. இடையில் இருந்த நல்ல தந்தையின் பக்தி மகனைச் சென்று சேரவில்லை.

எசேக்கியா தம் மகனை எவ்வாறு வளர்த்தார் என்று விவிலியம் கூறவில்லை. பிள்ளை கெட்டால் குற்றம் பெற்றோருடையதே என்று சொல்வதும் நீதியாகாது. நல்ல பெற்றோருக்கும் வழிதவறிய பிள்ளைகள் உண்டு. அத்தகையோரின் கண்ணீரை நான் அறிவேன்; அவர்களின் காயத்தில் உப்பைத் தடவ நான் விரும்பவில்லை. ஆயினும், தம் காலத்தில் அமைதி இருந்தால் போதும் என்னும் எண்ணம் நம் இல்லங்களிலும் குடியேறியிருக்கிறதா என்று நாம் ஆராய்ந்து பார்ப்பது கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு நோயிற்பூசுதல் கொடுத்தேன். மருத்துவர் கைவிட்ட நிலையில் இருந்தவர் இறையருளால் எழுந்து நடந்தார். நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தார். பின்னர் ஒருநாள் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். புது மாடி, புதுத் தரை, எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு காட்டினார். "பிள்ளைகள் ஞாயிறு பூசைக்கு வருவதில்லையே?" என்று கேட்டேன். "நான் இருக்கிற மட்டும் இந்த வீட்டில் செபமாலை நிற்காது சாமி. அதற்குப் பிறகு அவர்கள் பாடு" என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் பங்கின் நல்ல மனிதருள் ஒருவர். ஆனால் அன்றிரவு நான் எசேக்கியாவின் வரலாற்றை எடுத்து மீண்டும் படித்தேன். பங்குத் தந்தையாகிய எனக்கும் அதில் கண்டனம் இருந்தது. நான் இருக்கும் ஐந்தாண்டுகளில் திருவிழா நன்றாக நடந்தால் போதும் என்று நானும் எண்ணியது இல்லையா?

பெற்றோரே தம் பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் போதித்தது. மறைக்கல்வி ஆசிரியரும், அருட்சகோதரியரும், பங்குத் தந்தையும் உங்களுக்குத் துணைசெய்வோர் மட்டுமே. உங்கள் இடத்தை நாங்கள் நிரப்ப முடியாது. எனவே மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளுக்காக அழுது செபியுங்கள். புனித மோனிக்கம்மாள் தம் மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் சிந்தினார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்மகன் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு வயது 32. இரவு செபத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி இறைவனிடம் ஒப்படையுங்கள்.

இரண்டாவது, கருவூலத்தைக் காட்டும்போது கடவுளையும் காட்டுங்கள். வீடும் நிலமும் எவ்வளவு உண்டு என்று நம் பிள்ளைகள் அறிவார்கள். நாம் நெருக்கடியில் அழுத இரவையும், இறைவன் நம்மைத் தூக்கிவிட்ட நாளையும் அவர்கள் அறிவார்களா? செபம் கேட்கப்பட்ட கதையை நம் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வீட்டை ஒழுங்குபடுத்துங்கள். எசேக்கியாவுக்கு வந்த முதல் கட்டளை இதுவன்றோ! பேசாதிருக்கும் சகோதரனோடு ஒப்புரவாகுங்கள். தீராத வழக்கைத் தீர்த்து வையுங்கள். நம் பகையைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாகாது.

நம்பிக்கையற்றுப் போகவும் வேண்டாம். மனாசேயும் சிறைப்பட்டுத் துன்புற்றபோது தாழ்ச்சியுடன் மன்றாடினான் என்றும், இறைவன் அவனுக்கும் செவிசாய்த்தார் என்றும் குறிப்பேடு இரண்டாம் நூல் சாற்றுகிறது. அவனுடைய பேரனாகிய யோசியா எட்டு வயதில் அரசரானார். ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்த திருச்சட்ட நூலைக் கேட்டு, தம் ஆடைகளைக் கிழித்து அழுதார். மக்களை மீண்டும் ஆண்டவரிடம் திருப்பினார். எசேக்கியா விதைத்தது முற்றிலும் அழிந்துபோகவில்லை. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை ஆன்மாக்கள் இழப்புக்குள்ளாயின!

திருவருகைக் காலத்தின் இறுதியில் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் திருப்பலியில் வாசிக்கப்படும்போது, ஆகாசு, எசேக்கியா, மனாசே, ஆமோன், யோசியா என்னும் பெயர்களை நாம் கேட்கிறோம். நல்லவரும் தீயவரும் கலந்த அவ்வரிசையின் முடிவில் இயேசு பிறக்கிறார். நம் குடும்ப வரிசையும் அவரிடம் சென்று சேர வேண்டும் என்பதே நம் வேண்டுதலாகட்டும்.

நாம் இன்று காலையில் கண்விழித்தோம். அதுவும் கூட்டிக் கொடுக்கப்பட்ட நாளே. அதை நம் பிள்ளைகளின் ஆன்ம நலனுக்காகச் செலவிடும் அருளை, நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தின் மன்றாட்டால் ஆண்டவர் நம் அனைவருக்கும் அளிப்பாராக.