போனில் சத்தம் போதவில்லையா?



திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “என் மகன் தினமும் பஸ்ஸில் விழுப்புரத்துக்குக் காலேஜ் போய் வருகிறான். வழியெல்லாம் இயர்போனில் பாட்டுத்தான். இப்போது போனில் சத்தமே போதவில்லை என்கிறான். ‘உள்ளே கம்பெனிக்காரன் ஒரு அளவு வெச்சு நிறுத்தியிருக்கான், செட்டிங்கை மாத்திட்டா சத்தம் ரெண்டு மடங்கு வரும்’ என்று ஒரு கடையில் சொன்னார்களாம். அதற்குப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா, வேண்டாமா?”

இந்தக் கேள்வி அவர் வீட்டில் மட்டும் இல்லை. போன் இருக்கிற எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாட்டிக்குப் பேச்சுக் கேட்கவில்லை, அப்பாவுக்குச் செய்தி கேட்கவில்லை, பிள்ளைக்குப் பாட்டுப் போதவில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சத்தம் குறைந்தால் உடனே போனுக்குள்ளே கை வைக்க வேண்டியதில்லை. பாதிப் போன்களில் குறை வெளியேதான் இருக்கும்.

போனின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றனவே, அதுதான் ஸ்பீக்கர் வாய். நாம் மாவு பிசைந்த கையோடு போனை எடுக்கிறோம், தாளிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் தூசியும் சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். மெத்தென்ற பழைய டூத் பிரஷ் ஒன்றை நன்றாக உலர்த்தி, போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் துடைத்து விடுங்கள். ஊக்கு, ஊசி போட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பேசும்போது காதில் வைக்கிறோமே, மேலே உள்ள கோடு போன்ற திறப்பு, அதன் மேல் ஸ்கிரீன் கார்டு ஏறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என் மாமியார் போனில் மூன்று மாதமாகப் “பேச்சே கேக்கலே” என்ற புகார். ஸ்கிரீன் கார்டை எடுத்து ஒழுங்காக ஒட்டியதும் தீர்ந்தது!

அடுத்தது, போனில் சத்தம் என்பது ஒன்றல்ல. மணி அடிக்கிற சத்தம் வேறு, பாட்டுச் சத்தம் வேறு, பேச்சுச் சத்தம் வேறு, அலாரம் வேறு. பக்கவாட்டுப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் திரையில் ஒரு கோடு வரும். அதன் அருகில் மூன்று புள்ளியோ சின்னச் சக்கரமோ இருக்கும். அதைத் தொட்டால் எல்லாக் கோடுகளும் தனித்தனியாகத் தெரியும். மணிச் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, பாட்டு கேட்கவில்லையே என்று திண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர். பேச்சுச் சத்தத்தை, எதிராளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அமுக்கி ஏற்றுவதுதான் சுலபம்.

செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. சாம்சங் போனில் ‘சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன்’ பகுதியில் ‘வால்யூம்’ என்று தொட்டு, மேலே மூன்று புள்ளியை அமுக்கினால் ‘மீடியா வால்யூம் லிமிட்’ வரும். யாராவது அதை முன்பே போட்டு வைத்திருந்தால் சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. ஐபோனில் ‘சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்’ பகுதியில் ‘ஹெட்போன் சேஃப்டி’ என்று இருக்கும். அங்கே 75 டெசிபலிலிருந்து 100 டெசிபல் வரை எல்லை வைக்கலாம். புளூடூத் இயர்போனில் மட்டும் சத்தம் குறைந்தால், பல சமயம் போனின் அளவும் இயர்போனின் அளவும் ஒத்துப்போகாததுதான் காரணம். ஆண்ட்ராய்டு போனில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தொட்டால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘டிஸேபிள் அப்சல்யூட் வால்யூம்’ என்பதைப் போட்டால் இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். வேறு எதையும் அங்கே தொடாமல் திரும்பி வந்துவிட வேண்டும்!

இதுவரை சொன்னது எல்லாம் போனுக்கு உரிய சத்தத்தைத் திரும்பப் பெறுகிற வழி. இதைத் தாராளமாகச் செய்யலாம். கடையில் சொல்கிற வழி வேறு. போன் தயாரித்தவர்கள் வைத்த எல்லையையே தாண்ட வைப்பது அது. சில போன்களில் ரகசிய எண்ணைத் தட்டிப் பொறியாளர் பகுதிக்குள் போய் எண்களை மாற்றுகிறார்கள். சிலர் போனின் அடிப்படைப் பூட்டையே உடைத்துவிட்டு உள்ளே உள்ள கோப்பைத் திருத்துகிறார்கள். அப்படி உடைத்த போனில் பாங்க் ஆப்கள் பல வேலை செய்ய மறுக்கும், வாரன்டியும் போகலாம். ‘வால்யூம் பூஸ்டர்’ என்று இலவசமாக வருகிற ஆப்கள் இன்னொரு வழி.

இப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஸ்பீக்கருக்குள் தலைமுடி போன்ற மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அது சூடாகும். ஒட்டியிருக்கிற பசை இளகும். சவ்வு தன் எல்லையைத் தாண்டி ஆடும். முதலில் கரகரப்பு வரும், பிறகு ஒரேயடியாக ஊமையாகிவிடும். சரி, ஸ்பீக்கர் போனால் புதிது போட்டுக்கொள்ளலாம். காது?

நம் உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள்தான். பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. அழிந்தால் மறுபடி முளைக்காது. பலத்த சத்தம் அவற்றைப் புயலில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி சாய்த்துவிடும். ஒரு நாள் சத்தம் என்றால் நிமிர்ந்துகொள்ளும். தினம் தினம் என்றால் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. நமக்கு வீட்டுச் செலவுக்குப் பட்ஜெட் இருப்பது போலக் காதுக்கும் ஒரு வார பட்ஜெட். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 85 என்றால் பன்னிரண்டரை மணி. 90 என்றால் 4 மணி. 95 என்றால் ஒன்றேகால் மணி. 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 20 நிமிஷம்தான்! டெசிபல் 3 கூடினாலே சத்தத்தின் வலு இரட்டிப்பாகிவிடுவதால்தான் நேரம் இப்படிக் கிடுகிடுவென்று குறைகிறது.

இப்போது நம் வாசகியின் மகனைப் பஸ்ஸில் ஏற்றுவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளைக்கு 12 மணி. 85 டெசிபலில் கேட்டால் வாரக் கணக்கு கிட்டத்தட்ட முழுசும் பஸ்ஸிலேயே செலவாகிவிடுகிறது. 90-க்கு ஏற்றினால் செவ்வாய்க்கிழமை மாலையோடு தீர்ந்துபோகிறது. செட்டிங்கை மாற்றி 100-க்குக் கொண்டுபோனால், திங்கட்கிழமை காலை கூட்டேரிப்பட்டு தாண்டி விக்கிரவாண்டி வருவதற்குள்ளேயே அந்த வாரத்துக் கணக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் கேட்கிறதெல்லாம் கடன்தான். அந்தக் கடனைத் திருப்பி அடைக்க வழியே கிடையாது.

பிள்ளைக்கு ஏன் சத்தம் போதவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் எஞ்சின் இரைச்சல், ஹாரன், டிரைவர் போடுகிற பாட்டு எல்லாம் சேர்ந்தே 80 டெசிபலை நெருங்கக்கூடும். அதை அமுக்குவதற்குத்தான் அவன் போனை ஏற்றுகிறான். அதே போனை இரவு மொட்டை மாடியில் கேட்கச் சொல்லுங்கள். பாதி அளவே தாராளமாக இருக்கும். குறை போனில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது.

என் அக்கா மகனுக்கு வயது 24. விழுப்புரத்திலிருந்து தினம் ரயிலில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவன். எங்கேயோ ஒரு கடையில் இப்படித்தான் சத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். “சித்தி, கேட்டுப் பாரேன், சும்மா அதிருது!” என்று என் காதில் மாட்டிவிட்டான். எனக்குத் தலையே கிறுகிறுத்தது. ஆறேழு மாதம் போயிருக்கும். “ராத்திரி படுத்தா காதுக்குள்ள வண்டு ரீங்குற மாதிரியே இருக்குது சித்தி, தூக்கம் வரலே” என்றான். அக்கா அவனைக் காது டாக்டரிடம் அழைத்துப்போய்ச் சோதனை செய்தாள். கீச்சென்ற மெல்லிய ஒலிகள் கேட்கிற பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறதாம். “போனதைக் கொண்டுவர மருந்து இல்லம்மா. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கச் சொல்லுங்க” என்றாராம் டாக்டர். காது மங்கினால் சத்தம் போதவில்லை. போதவில்லை என்று ஏற்றினால் காது இன்னும் மங்குகிறது. ஏற்றி வைத்த சத்தமும் ஆறே மாதத்தில் அவனுக்குப் போதாமல் போனதுதான் கொடுமை.

ஆகவே சகோதரி, அந்தப் பணத்தைக் கடையில் கொடுக்க வேண்டாம். கையில் இருந்தால் காதுக்குள் பொருத்தமாக அமர்கிற ரப்பர் மூடி போட்ட இயர்போன் வாங்கிக் கொடுங்கள். வெளி இரைச்சலை அது தடுப்பதால் குறைந்த சத்தமே நன்றாகக் கேட்கும். வெளி இரைச்சலைத் தானே குறைத்துக் கொடுக்கிற வகையும் இருக்கிறது, விலை சற்றுக் கூடுதல். ஒன்று மட்டும்: பஸ்ஸுக்குள்ளே சரி, சாலையில் நடக்கும்போதும் தண்டவாளம் தாண்டும்போதும் காதில் எதுவும் இருக்கக் கூடாது. “வேண்டாம்டா” என்று அதட்டினால் எந்தப் பிள்ளை கேட்கிறது? மேலே சொன்ன பஸ் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். கணக்குக்குப் பிள்ளைகள் கட்டுப்படுவார்கள்.

இந்த எல்லைகளை ஒருவரும் நம்மைச் சிரமப்படுத்த வைக்கவில்லை. 2015-லேயே உலக சுகாதார நிறுவனம், 110 கோடி இளவயதினரின் செவிக்கு ஆபத்து இருப்பதாக எச்சரித்தது. 2019 பிப்ரவரியில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடு சேர்ந்து, பாட்டுக் கேட்கும் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தர விதியையும் வெளியிட்டது.

வீட்டுப் பெரியவர்கள் விஷயம் வேறு. வயதானால் முதலில் மங்குவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ‘ஆ’வும் ‘ஓ’வும் கேட்கும்; ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் நழுவிவிடும். “சத்தம் கேக்குது, இன்னா சொல்றேன்னுதான் புரியலே” என்பார்கள். அவர்களுக்குச் சத்தத்தை மட்டும் ஏற்றினால் இரைச்சல்தான் கூடும். போனை ஸ்பீக்கரில் போட்டால் நம் வீட்டுச் சமாச்சாரம் தெருவுக்கே தெரிந்துவிடும். ‘அக்ஸஸிபிலிட்டி’ பகுதியில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று உண்டு. ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்கிறவர்களுக்கு இரண்டு பக்கத்து ஒலியையும் அந்த ஒரு காதிலேயே சேர்த்துக் கொடுக்கும். பேசுகிறவர்கள் நிறுத்தி, தெளிவாகப் பேச வேண்டும். அதற்கும் சரிப்படாவிட்டால், போனை மாற்றுவதற்கு முன் காதைச் சோதிக்க வேண்டும். பல சமயம் காதுக் குறும்பி அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். நாமாக ஹேர்பின், தீக்குச்சி விடுவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடவே கூடாது.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளின் காதுக்கு எல்லை இன்னும் குறைவு: 75 டெசிபல், வாரம் 40 மணி. சாப்பாடு ஊட்டப் போனைக் குழந்தையின் காதருகே வைக்காதீர்கள். சத்தத்துக்குத் திடுக்கிடாத குழந்தை, ஆறு மாதமாகியும் ஒலி வரும் பக்கம் திரும்பாத குழந்தை, இவர்களை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பிறவிச் செவிக்குறைக்கு ஆறு வயதுக்குள் செய்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு.

கடைசியாக, அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கச் சில குறிப்புகள்:

1. போனில் கோடு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

2. கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது இயர்போன் மாட்டியவருக்குக் கேட்காவிட்டால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

3. அரை மணிக்கு ஒரு தரம் இயர்போனைக் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

4. கேட்டு முடித்த பின் காது அடைத்த மாதிரி இருந்தாலோ, ரீங்காரம் கேட்டாலோ, அது காது தருகிற நோட்டீஸ். அன்றிலிருந்தே சத்தத்தைக் குறையுங்கள்.

5. ரீங்காரம் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். தாமதமானால் மருந்து பலிப்பது குறையும். நம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.