எல்லையில் பால் பரிசோதனை: கையடக்க ஒளி உணரிகள் கைகொடுக்குமா?

திருவனந்தபுரம்: தமிழகம் உள்ளிட்ட அண்டை மாநிலங்களிலிருந்து வரும் பாலைப் பரிசோதிக்க, கேரளப் பால்வள மேம்பாட்டுத் துறை பாறசாலை, ஆரியங்காவு, மீனாட்சிபுரம் ஆகிய இடங்களில் சோதனைச் சாவடிகளை நடத்தி வருகிறது. களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்லும் பாலின் வரத்து ஓணம் பண்டிகையையொட்டி அதிகரிக்கும்போது, சோதனையும் தீவிரமடைகிறது.

இந்தச் சோதனையில் நேரமே முக்கியம் என்பதை 2023 ஜனவரியில் ஆரியங்காவில் நடந்த நிகழ்வு உணர்த்தியது. அங்கு 15,300 லிட்டர் பாலுடன் வந்த டேங்கர் லாரி பிடிபட்டது. பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகப் பால்வளத் துறை தெரிவித்தது. ஆனால், உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வில் அது கண்டறியப்படவில்லை. ஆய்வு தாமதமானதே இதற்குக் காரணம் எனப் பால்வளத் துறை கூறியது. அந்த வேதிப்பொருள் நேரம் செல்லச் செல்ல நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும் தன்மை கொண்டது.

இந்தப் பின்னணியில் அண்மை அகச்சிவப்பு ஒளி உணரிகள் கவனம் பெறுகின்றன. சுமார் 780 முதல் 2,500 நானோமீட்டர் வரையிலான இந்த ஒளியை நீர், கொழுப்பு, புரதம் ஆகியவை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு பொருளின் கலவை கணிக்கப்படுகிறது. முன்பு ஆய்வக மேசையை நிறைத்த இக்கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. இஸ்ரேலின் கன்சூமர் பிசிக்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டிலேயே பாக்கெட் அளவிலான கருவியை அறிமுகப்படுத்தியது.

எனினும், இதற்கு வரம்புகள் உண்டு. பாலில் நீர் கலந்திருப்பதையும் கொழுப்பு, புரதம் குறைந்திருப்பதையும் கணிக்க இக்கருவி உதவும். மிகச் சிறிய அளவில் கலந்துள்ள வேதிப்பொருளை நம்பகமாகக் காட்டுவது கடினம். எடுத்துக்காட்டாக, பாலில் அஃப்லாடாக்சின் எம்1 நச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. அதற்கு ஆய்வகச் சோதனையே வழி. மேலும், பசும்பால், எருமைப்பால் என உள்ளூர் மாதிரிகளைக் கொண்டு கருவியை அளவீடு செய்யாவிட்டால் முடிவுகள் பிழையாகும்.

சட்டமும் கருத்தில் கொள்ளத்தக்கது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி, உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அளிக்கும் அறிக்கையே வழக்குக்கு அடிப்படையாகும்.

எனவே, எந்த டேங்கரை நிறுத்த வேண்டும் என்பதை விரைந்து முடிவு செய்ய ஒளி உணரி உதவலாம். ஆனால், சந்தேகத்துக்குரிய மாதிரியை இரு துறைகளும் அதே இடத்தில் உடனடியாகப் பெற்றுப் பரிசோதிக்கும் நடைமுறை இல்லையெனில், ஆரியங்காவில் எழுந்த சர்ச்சை பாறசாலையிலும் எழக்கூடும்.