தாய்க்கும் வேண்டும் தாய்மடி!

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவோர் அனைவரும் முதலில் எட்டிப் பார்ப்பது தொட்டிலைத்தான். எடை என்ன, யாருடைய சாயல், நன்றாகப் பால் குடிக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பவர்களில், "இரவு தூங்கினாயா?" என்று தாயிடம் கேட்பவர்கள் மிகச் சிலரே.

பிரசவத்துக்குப் பின் சில நாள்கள் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரங்களைக் கடந்தும் துயரமும் உறக்கமின்மையும் குற்ற உணர்வும் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதத்தினர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். வறுமை, கசந்துபோன மணவாழ்க்கை, ஆண் குழந்தை மீதான மோகம் ஆகியவற்றின் பங்கை, கோவா தாய்மார்களிடையே நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது.

இத்தகைய தாய்க்கு, "தினமும் பத்து நிமிடம் தியானம் செய், உனக்கென்று சற்று நேரம் ஒதுக்கு" என்று அறிவுரை கூறுவது எளிது. தியானமும் மூச்சுப் பயிற்சியும் பயன் தருபவையே. ஆனால், அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறுகிறது.

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள்கள் வரை அடுப்படிக்கு அனுப்பாத வழக்கம் வட மாநிலங்களில் உண்டு. தமிழகத்தில் தாய்வீட்டுப் பிரசவமும் அதே நோக்கம் கொண்டதுதான். பிழைப்புக்காகத் தில்லிக்கும் குருகிராமுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில் அந்த அரவணைப்பு பலருக்கு வாய்ப்பதில்லை. அந்த இடத்தைக் கணவரும் அரசும்தான் நிரப்ப வேண்டும்.

மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக 2017-ல் உயர்த்தப்பட்டது பாராட்டுக்குரியது. ஆனால், அதன் பலன் அமைப்புசார்ந்த பணிகளில் இருக்கும் சிறுபான்மையினருக்கே கிடைக்கிறது. கட்டடத்தில் கல் சுமப்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் ஓய்வு என்பது கூலி இழப்பு. அதை ஈடுசெய்யவே 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது ரூ.6,000 வழங்க வகை செய்தது. 2017-ல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ, முதல் குழந்தைக்கு ரூ.5,000 என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ.6,000 என்பது சேர்க்கப்பட்டது. சட்டம் தந்த உரிமையைத் திட்டம் குறைப்பது எந்த வகையில் நியாயம்?

மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அத்தகைய சட்ட உரிமை இல்லை. குழந்தை வளர்ப்பு இருவரின் பொறுப்பு என்றால் இந்தப் பாகுபாடு களையப்பட வேண்டும்.

மருத்துவமனையில் பிரசவித்து வீடு திரும்பும் தாயை 42 நாள்களில் ஆறு முறை 'ஆஷா' பணியாளர் சந்திக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் தாயின் உறக்கம், மனநிலை பற்றி நான்கு கேள்விகளைக் கேட்க அவருக்குப் பயிற்சியும், அதற்குரிய ஊக்கத்தொகையும் அளித்தால் போதும். தொடக்கத்திலேயே பலரைக் காப்பாற்ற முடியும். 'டெலி மானஸ்' உதவி எண் 14416 ஒவ்வொரு தாயின் மருத்துவ அட்டையிலும் அச்சிடப்பட வேண்டும். பெங்களூரு 'நிம்ஹான்ஸ்' மருத்துவமனையில் இருப்பதைப்போல, தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தரும் மனநலப் பிரிவுகள் மாநிலந்தோறும் தேவை.

தாய்மையைத் தெய்வமாகப் போற்றுகிறோம். தெய்வத்துக்குத் தூக்கம் தேவையில்லாமல் இருக்கலாம்; தாய்க்குத் தேவை!