குடியானவர் போர்ச் சித்திரங்கள்

1525-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் குடியானவர்கள் பிரபுக்களின் கொடுமை தாளாது கிளர்ந்தெழுந்து வீழ்ந்த சரித்திரத்தை, கேத்தே கோல்விட்ஸ் என்னும் மாதரசி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாண்டுகள் உழைத்து, உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் ஏழு சித்திரங்களாக 1908-இல் நிறைவேற்றினார். மாடுகளைப் போல ஏரில் பூட்டுண்டு, தரையோடு தரையாகச் சாய்ந்து இழுக்கும் உழவர்களில் தொடங்கும் அவ்வரிசையில், நமக்கு முதுகு காட்டி நிற்கும் பெண்ணொருத்தி இரு கைகளையும் உயர்த்தி ஜனத்திரளைப் போருக்கு ஏவுகிறாள். பின்னரோ, இருள் கவிந்த போர்க்களத்தில், பிணங்களுக்கிடையே மகனைத் தேடி வந்த தாயின் நரம்போடிய கரம், கைவிளக்கின் சிற்றொளியில் ஓர் இளைஞனின் மோவாயைத் தொடுகிறது. இதனை வரைந்தவரே 1914-இல் தம் இளைய மைந்தனை யுத்தத்தில் பறிகொடுத்தார். யுத்தத்தின் பெருமை பேசுவோர் எவராயினும், பேசுமுன் அந்தக் கரத்தை ஒருமுறை உற்று நோக்குவார்களாக.